வேண்டா வணிக மடல்களை மின்னஞ்சல் வழங்குநர்கள் வடிகட்டும் முறை: சொல்லிலிருந்து அனுப்புநரை நோக்கி

ஆய்வுச்சுருக்கம்

பெறுநர் கேளாமலே வரும் வணிக மடல்களை மின்னஞ்சல் வழங்குநர்கள் எவ்வாறு கண்டறிந்து ஒதுக்குகின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. மடலின் சொற்களைக் கொண்டு தீர்ப்பு வழங்கிய தொடக்ககால முறைகள், அனுப்புநரின் அடையாளத்தையும் நடத்தையையும் கொண்டு தீர்ப்பு வழங்கும் முறைகளுக்கு வழிவிட்டது ஏன் என்பது இதன் மையக் கேள்வி. ஆய்விதழ்களின் பெயரால் வரும் வணிக அழைப்புகள் இம்மாற்றத்தைப் புரிந்துகொள்ளத் தக்க சான்றாக அமைகின்றன. தமிழ் எழுத்தில் அமைந்த மடல்கள் இவ்வடிகட்டிகளில் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல்களும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வேண்டாமடல், வடிகட்டி, அனுப்புநர் மெய்ப்பு, நற்பெயர், பேய்சு முறை, தமிழ்க் குறியேற்றம்.

முன்னுரை

ஆய்வாளர் ஒருவரின் மின்னஞ்சல் பெட்டிக்கு ஒரே நாளில் இரண்டு மடல்கள் வருவதாகக் கொள்ளலாம். ஒன்று, அவர் கட்டுரை அனுப்பியிருந்த இதழிலிருந்து திருத்தம் கோரி வந்தது. மற்றொன்று, அவர் கேள்விப்பட்டிராத ஓர் இதழ், அவரது ‘மதிப்புமிகு ஆய்வைப்’ பாராட்டி, ஒரு வாரத்தில் வெளியிட்டுத் தருவதாகக் கூறிக் கட்டணம் கேட்டு எழுதியது. இரண்டிலும் கட்டுரை, இதழ், மதிப்பீடு, பதிப்பாசிரியர், கடைசி நாள் ஆகிய சொற்களே பயில்கின்றன. முதல் மடல் குப்பைப் பெட்டியில் விழுந்து, இரண்டாவது முகப்புப் பெட்டியில் வந்து நின்றால் ஆய்வாளருக்கு நேரும் இழப்பு சிறிதன்று. திருத்தக் கெடு கடந்துபோகலாம். பணமும் கட்டுரையும் பறிபோகலாம். இவ்விரண்டையும் ஓர் இயந்திரம் எதைக் கொண்டு பிரித்தறிகிறது என்ற கேள்வி, கல்வித் துறையினரை நேரடியாகத் தொடுவதாகும்.

ஆங்கிலத்தில் ‘ஸ்பேம்’ எனப்படுவதற்கு எரிதம், குப்பை அஞ்சல், வேண்டாமடல் எனப் பல பெயர்கள் தமிழில் வழங்குகின்றன. குப்பை என்பது உள்ளடக்கத்தின் தரத்தைக் குறிக்கிறது; வேண்டாமடல் என்பது பெறுநரின் விருப்பமின்மையைக் குறிக்கிறது. நேர்த்தியாக எழுதப்பட்ட, பொய் எதுவும் இல்லாத ஒரு வணிக மடலும் கேளாமல் வந்ததாயின் வேண்டாமடலே. வடிகட்டிகளின் வரலாறு முழுவதும் இவ்விரு வரையறைகளுக்கு இடையே நிகழ்ந்த நகர்வு எனலாம். ஆதலால் இக்கட்டுரையில் வேண்டாமடல் என்ற சொல்லே ஆளப்படுகிறது.

அடித்தளத்தில் இருந்த நம்பிக்கை

சிக்கல் மின்னஞ்சலை விடவும் சற்றே குறைந்த வயதுடையது. 1975 நவம்பரில் ஜோனதன் போஸ்டல் எழுதிய சிறுகுறிப்பு ஒன்று, ஆர்பாநெட் வலையமைப்பில் இணைந்த கணினி தனக்கு வரும் செய்திகளுள் சிலவற்றை மட்டும் ஏற்க மறுப்பதற்கு வழியில்லை என்பதைச் சுட்டியது. 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் நிறுவனத்தின் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த கேரி துர்க், புதிய கணினிகளின் செயல்விளக்கத்துக்கு அழைப்பு விடுத்து அவ்வலையமைப்பின் பயனர் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட பயனர் கையேட்டிலிருந்து எடுக்கப்பட்டன. அவை முகவரிப் பகுதியில் அடங்காமல் மடலின் உடலுக்குள் வழிந்தன. வலையமைப்பை மேற்பார்த்த பாதுகாப்புத் துறை அலுவலகம் கண்டித்தது. விற்பனை நடந்தது என்பதும் பதிவாகியுள்ளது. இத்தொழில் இன்றுவரை நிற்பதற்கான காரணம் அந்த முதல் நிகழ்விலேயே தெரிகிறது.

1982இல் போஸ்டல் வரையறுத்த எளிய மடல் கடத்தல் நெறிமுறையே இன்றைய மின்னஞ்சலின் முதுகெலும்பு. இந்நெறிமுறையில் ஒரு மடலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும்போது கூறப்படுவது உறை முகவரி. பெறுநரின் திரையில் தோன்றுவது மடல்தலை முகவரி. அஞ்சல் உறையின் பின்புறம் ஒரு பெயரும் உள்ளே கடிதத்தின் தலைப்பில் வேறொரு பெயரும் இருப்பதைப் போன்றது இது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றோ, அவற்றுள் ஒன்றேனும் உண்மையாக இருக்க வேண்டுமென்றோ நெறிமுறை கேட்கவில்லை. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வகங்களுக்கு இடையே இது குறையாகத் தோன்றவில்லை. இன்றைய வடிகட்டிகளின் பெரும்பகுதி, 1982இல் விடப்பட்ட இந்த இடைவெளியை வெளியிலிருந்து அடைக்கும் ஒட்டுவேலையே.

வாயிலில் நிகழும் மறுப்பு

வேண்டாமடல்களுள் கணிசமானவை குப்பைப் பெட்டியைக்கூட எட்டுவதில்லை. மடலின் உடலைப் பெறுவதற்கு முன்பே, இணைப்பு ஏற்படுத்தும் கணினியின் எண்முகவரியை வழங்குநரின் வழங்கி சோதிக்கிறது. 1997இல் பால் விக்சியும் டேவ் ராண்டும் தொடங்கிய கரும்பட்டியல், 1998இல் ஸ்டீவ் லின்ஃபோர்ட் நிறுவிய ஸ்பாம்ஹாஸ் ஆகியன இதற்கு வழிவகுத்தன. பட்டியலைத் தேடும் முறை நுட்பமானது. 192.0.2.25 என்ற முகவரியிலிருந்து இணைப்பு வந்தால், வழங்கி அதனை 25.2.0.192 எனத் திருப்பி எழுதிப் பட்டியலின் பெயர்க்களத்தோடு சேர்த்துக் களப்பெயர் முறைமையிடம் வினவுகிறது. விடை வந்தால் முகவரி பட்டியலில் உள்ளது, வராவிட்டால் இல்லை. இணையத்தில் முன்பே இருந்த அமைப்பு ஒன்று புதிய வேலைக்குப் பயன்பட்டது.

மறுப்பிலும் இரு வகை உண்டு. 5இல் தொடங்கும் விடையெண் நிலையான மறுப்பு. 4இல் தொடங்குவது ‘பிறகு வருக’ என்னும் தற்காலிக மறுப்பு. முன்பின் அறியாத அனுப்புநருக்கு முதலில் தற்காலிக மறுப்புத் தந்து, அவர் மீண்டும் முயல்கிறாரா எனக் காத்திருக்கும் உத்தி 2003இல் முன்வைக்கப்பட்டது. முறையான வழங்கி சிறிது நேரம் கழித்து மீண்டும் வரும். இலட்சக்கணக்கில் அள்ளி வீசும் நிரல்கள் பல திரும்பிப் பார்ப்பதில்லை. பொறுமையை அளந்தே நேர்மையை ஊகிக்கும் இவ்வுத்தி, எளிமையால் வியப்பூட்டுவது.

தனியார் அமைப்பொன்று இன்னொருவரைப் பட்டியலிட்டு அவரது மடல்களைத் தடைசெய்வது முறையா என்ற வழக்கும் எழுந்தது. இ360 இன்சைட் என்னும் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஸ்பாம்ஹாஸ் மீது தொடுத்த வழக்கில், எதிர்த்தரப்பு வாதிடாத நிலையில் 2006இல் 1 கோடியே 17 இலட்சம் டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளுக்குப் பின் அத்தொகை 27,002 டாலராகவும், 2011இல் 3 டாலராகவும் குறைந்தது.

சொற்களை எண்ணுதல்

வாயிலைக் கடந்த மடலின் உள்ளடக்கத்தை எவ்வாறு படிப்பது? தொடக்கத்தில் ‘இலவசம்’ போன்ற சொற்களைத் தடைசெய்யும் விதிகளை மனிதர்களே எழுதினர். 2001இல் வெளிவந்த ஸ்பேம்அசாசின் இவ்விதிகளுக்கு மதிப்பெண் வழங்கிக் கூட்டும் முறையைப் பரவலாக்கியது. இயல்பமைவில் கூட்டுத்தொகை 5 ஆனால் மடல் வேண்டாதது எனக் குறிக்கப்படும். விதிகளை எழுதுவோரும் அவற்றைத் தவிர்ப்போரும் மாறி மாறி ஓடும் ஓட்டமாக இது அமைந்தது.

1998இல் சஹாமி, டூமே, ஹெக்கர்மன், ஹார்விட்ஸ் ஆகியோர் விதிகளை விடுத்து நிகழ்தகவைக் கொண்டுவந்தனர். 2002 ஆகஸ்டில் பால் கிரகாம் எழுதிய கட்டுரை அக்கருத்தை நிரலாளர்களிடையே பரப்பியது. சொல் ஒவ்வொன்றும் வேண்டாமடல்களில் எத்தனை முறை, வேண்டும் மடல்களில் எத்தனை முறை வருகிறது என எண்ணி, அதனால் அச்சொல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காண்பதே இம்முறை. கிரகாமின் வடிகட்டி ஒரு மடலில் மிகுதியாகச் சாயும் 15 சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டது. கூட்டு நிகழ்தகவு 0.9ஐத் தாண்டினால் மடலை ஒதுக்கியது. மனிதர் விதியெழுதியிருந்தால் தோன்றியிராத சான்றுகளையும் அது கண்டது. மடலில் பளிச்சிடும் சிவப்பு நிறத்தைக் குறிக்கும் நிறக்குறியீடு, ஆபாசச் சொல்லுக்கு ஈடான வலிமையுடைய சான்றாக நின்றது.

இம்முறையின் வலிமையும் வரம்பும் ஒரு கற்பனைக் கணக்கால் விளங்கும். இருவகையிலும் 1000 மடல்கள் உள்ளன. ‘கட்டணம்’ என்ற சொல் வேண்டாமடல்களுள் 200இலும் வேண்டும் மடல்களுள் 10இலும் வருகிறது. எனவே அச்சொல்லுடைய மடல் வேண்டாததாக இருக்கும் நிகழ்தகவு 0.95. ‘ஆய்வேடு’ என்பதோ முறையே 5இலும் 95இலும் வருகிறது, நிகழ்தகவு 0.05. இரண்டும் ஒரே மடலில் வந்தால் கூட்டு நிகழ்தகவு 0.51. அதாவது வடிகட்டி எதுவும் சொல்லவில்லை. ஆய்விதழின் பெயரால் வரும் வணிக அழைப்பு இவ்விடத்தில்தான் நுழைகிறது. அது பெறுநரின் துறைச்சொற்களையே கடன்வாங்கி எழுதப்படுகிறது. பெரும்பாலும் அவரது கட்டுரைத் தலைப்பையே எடுத்து ஒட்டிக்கொள்கிறது. எந்தச் சொற்கள் அவருக்கு வேண்டியவையோ அவையே அழைப்பின் உடையாகின்றன.

இத்தகைய அழைப்புகள் வெறும் தொல்லை என்ற அளவில் நிற்பதில்லை. ஐதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட வெளியீட்டு நிறுவனம் ஒன்றின்மீது அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. மதிப்பீடு பற்றியும் கட்டணம் பற்றியும் ஆய்வாளர்களுக்குப் பொய்யுரைத்ததாகக் கண்ட நெவாடா கூட்டாட்சி நீதிமன்றம், 2019 மார்ச்சில் 5 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்த ஆணையிட்டது. அழைப்பு மடலின் சொற்களை மட்டும் எண்ணும் எந்த வடிகட்டியும் அப்பொய்யை அறிந்திருக்க இயலாது.

சஹாமி குழுவினரின் கட்டுரையிலேயே இதற்கான விடையின் வித்து இருந்தது. சொற்களோடு, மடல் எவ்வகைக் களப்பெயரிலிருந்து வந்தது என்பதையும் அவர்கள் சான்றாகக் கொண்டனர். கல்வி நிறுவனக் களப்பெயர்களிலிருந்து வேண்டாமடல் வருவது அரிது என்பது அவர்கள் கண்டது.

தமிழ் மடலும் சொல் வடிகட்டியும்

கிரகாமின் முறையில் இருவகை மடல்களிலும் சேர்த்து ஐந்து முறைக்கு மேல் வராத சொல் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. முன்பு காணாத சொல்லுக்கு 0.4 என்ற நடுநிலை மதிப்பே கிடைக்கும். ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். தமிழில் இதழ், இதழில், இதழின், இதழுக்கு, இதழ்களுக்கும், இதழிலிருந்து என ஒரு பெயர்ச்சொல்லே பல வடிவங்களாய்ப் பிரிகிறது. இடைவெளியை எல்லையாகக் கொண்டு எண்ணும் வடிகட்டிக்கு இவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத சொற்கள். பல வடிவங்கள் ஐந்து முறை என்ற வாயிலையே எட்டா. உருபனியல் பகுப்பு இல்லாத வடிகட்டி, தமிழ் மடலின் பெரும்பகுதியைப் படிக்காமலே விடுகிறது.

குறியேற்றச் சிக்கல் வேறு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். ஆனால் மடல்தலை ஆங்கில எழுத்துகளுக்காக அமைந்தது. ஆகவே தமிழ்ப் பொருள்வரி அடிப்படை-64 என்னும் முறையில் மாற்றி எழுதப்படுகிறது. மாற்றிய துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துகளை மீறக்கூடாது என்பது விதி. துண்டின் தொடக்கக் குறிகளுக்கும் இறுதிக் குறிகளுக்கும் 12 போக எஞ்சுவதில் 45 பைட்டுகளே அடங்கும். அதாவது 15 தமிழ்க் குறியீடுகள். ‘கட்டுரை அனுப்புக’ என்ற இரு சொற்களே இடைவெளியோடு சேர்த்து 46 பைட்டு ஆகின்றன. ஒரே ஒரு பைட்டு மிகையால் அவ்வரி இரு துண்டாகிறது. ஆய்வுக் கட்டுரைத் தலைப்பொன்று ஐந்தாறு துண்டுகளாக நீள்வது இயல்பு.

வேண்டாமடல் அனுப்புவோர், தடைசெய்யப்பட்ட சொற்களை மறைக்க அடிப்படை-64 முறையைப் பயன்படுத்தியமையால், உரையை அவ்வாறு மூடுவதையே ஐயத்துக்குரிய அடையாளமாகக் கொள்ளும் விதி ஸ்பேம்அசாசினில் இடம்பெற்றது. தமிழ் மடலுக்கோ அது சிக்கனத்தின் பொருட்டு வேண்டப்படுவது. மாற்று முறையில் ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து ஆகும், இதில் 4 போதும். ஒருவருக்கு முகமூடியானது இன்னொருவருக்கு உடையாக இருப்பதை விதி அறியாது. மேலும் அம்மென்பொருளில், நிறுவனம் விரும்பினால் குறிப்பிட்ட மொழிகள் தவிர்த்த மடல்களுக்கு மதிப்பெண் கூட்டும் வசதியும் உண்டு. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அதனை ஆங்கிலத்துக்கு மட்டும் அமைத்திருப்பின், அங்குள்ள தமிழ்ப் பேராசிரியருக்கு எழுதப்படும் தமிழ் மடல் மொழியாலேயே பழி சுமக்கும்.

அண்மைக்கால மாற்றம் நம்பிக்கை தருவது. 2023இல் கூகுள் வெளியிட்ட ரெட்வெக் என்ற உரைமாற்றி, சொற்பட்டியலைச் சாராமல் ஒருங்குறியின் எல்லா எழுத்துகளையும் நேரடியாகக் கையாள்கிறது. அதனை ஜிமெயிலில் பயன்படுத்தியதால் வேண்டாமடலைக் கண்டறியும் அளவு 38 விழுக்காடு உயர்ந்ததாகவும், நல்ல மடல் தவறாக ஒதுக்கப்படுவது 19.4 விழுக்காடு குறைந்ததாகவும் அந்நிறுவனம் தெரிவித்தது. இவ்வெண்கள் எல்லா மொழிகளையும் சேர்த்தவை. தமிழுக்கெனத் தனிக்கணக்கு அதில் இல்லை.

அனுப்புநர் மெய்ப்பு

சொல் ஏமாற்றும் என்றான பின், ‘சொல்பவர் யார்’ என்பதே கேள்வியாயிற்று. மூன்று ஏற்பாடுகள் அடுத்தடுத்து வந்தன. எஸ்.பி.எஃப். என்பது, தன் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் எவை எனக் களப்பெயர் உரிமையாளர் வெளியிடும் பட்டியல். இது உறை முகவரியைச் சோதிக்கிறது. யாகூ, சிஸ்கோ நிறுவனங்களின் முயற்சிகள் இணைந்து 2007இல் தரமாக வெளிவந்த டி.கே.ஐ.எம்., மடலுக்கு மறையாக்கக் கையொப்பம் இடுவது. வழியில் மடல் திருத்தப்பட்டால் கையொப்பம் பொருந்தாது. இவ்விரண்டும் பெறுநர் காணும் மடல்தலை முகவரியைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை. அவ்விடைவெளியை 2012இல் அறிவிக்கப்பட்ட டிமார்க் நிரப்பியது. மெய்ப்பிக்கப்பட்ட களப்பெயரும் திரையில் தோன்றும் களப்பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாத மடலை விட்டுவிடுவதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதைக் களப்பெயர் உரிமையாளரே அறிவிக்கலாம்.

இதற்கு விலை உண்டு. பல்கலைக்கழக முகவரிக்கு வரும் மடல்களைத் தம் சொந்த முகவரிக்கு மேலனுப்பும் வழக்கம் ஆசிரியர் பலரிடம் உள்ளது. மேலனுப்பும் கணினி மூல அனுப்புநரின் பட்டியலில் இல்லாமையால் எஸ்.பி.எஃப். சோதனை தோல்வியுறும், கையொப்பம் மட்டுமே மடலைக் காக்கும். 2014 ஏப்ரலில் யாகூ தன் பெயரிலான மெய்ப்பற்ற மடல்களை மறுக்குமாறு அறிவித்தபோது, உலகெங்கும் மடலாடற்குழுக்களில் யாகூ முகவரியிலிருந்து எழுதியோரின் மடல்கள் உறுப்பினருக்குச் சேராமல் திரும்பின.

மெய்ப்பு என்பது நற்சான்று அன்று என்பதையும் இங்குக் கருத வேண்டும். தன் களப்பெயரைத் தானே பதிந்து, மூன்று ஏற்பாடுகளையும் பிழையறச் செய்துகொண்டு வேண்டாமடல் அனுப்ப எவராலும் இயலும். போலி இதழ்களுள் பல அவ்வாறே செய்கின்றன. மெய்ப்பு செய்வதெல்லாம், நல்லதோ தீயதோ ஒரு செயலை ஒரு பெயரோடு பிணைப்பதே. அப்பெயருக்கு வரலாறு சேர்வது அதன் பின்னரே.

பெறுநரின் பொத்தான்

அவ்வரலாற்றை எழுதுவோர் பெறுநர்களே. மடலைத் திறத்தல், மறுமொழி அளித்தல், படிக்காமல் அழித்தல், குப்பைப் பெட்டியிலிருந்து மீட்டல், ‘வேண்டாமடல்’ எனப் புகாரளித்தல் ஆகியன அனுப்புநரின் நற்பெயராகத் திரள்கின்றன. எவருக்கும் உரியதல்லாத முகவரிகளைப் பொறியாக வைத்திருப்பதும் உண்டு. அம்முகவரி எவரிடமும் மடல் கேட்டிருக்க முடியாது. எனவே அதற்கு வரும் மடல், முகவரிகள் திரட்டப்பட்டவை என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

2023 அக்டோபரில் கூகுளும் யாகூவும் அறிவித்து 2024 பிப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதிகள் இப்போக்கை வெளிப்படையாக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 மடல்களுக்கு மேல் அனுப்புவோர் மூன்று மெய்ப்புகளையும் கொண்டிருக்க வேண்டும். வணிக மடல்களில் ஒரே சொடுக்கில் விலகும் வழி இருக்க வேண்டும். விலகல் கோரிக்கை இரண்டு நாளில் நிறைவேற வேண்டும். புகார் விகிதம் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது. ஆயிரத்தில் மூவர் என்பதே அந்த எல்லை. மைக்ரோசாஃப்ட் 2025 மே மாதத்திலிருந்து இதனையொத்த மெய்ப்பு விதிகளைப் பின்பற்றுகிறது. மடல் பொய்யா மெய்யா என்று இவ்விதிகள் கேட்பதில்லை. பெற்றவர் விரும்பினாரா என்றே கேட்கின்றன. குப்பை என்ற வரையறை பின்னுக்குப்போய், வேண்டாமை என்ற வரையறை இங்கே நிலைபெறுகிறது.

சட்டம் நிற்கும் இடம்

2004 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம் கேளா வணிக மடலைத் தடைசெய்யவில்லை. பொய்த் தலைப்பைத் தடுத்து, அஞ்சல் முகவரியையும் விலகும் வழியையும் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை, தனிநபருக்கு முன்னிசைவு வேண்டும் என்றது. சட்டம் அனுமதிக்கும் மடலை வழங்குநர் தடுக்கலாமா என்பதற்கு, ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வழக்கு விடை தந்தது. ஒயிட் பஃபலோ வென்சர்ஸ் என்ற நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்தின்வழி மாணவர், ஆசிரியர் முகவரிகளைப் பெற்று, துணைதேடும் தளத்துக்கு விளம்பர மடல்கள் அனுப்பியது. புகார்கள் வரவே பல்கலைக்கழகம் அந்நிறுவனத்தின் மடல்களை வாயிலிலேயே தடுத்தது. மடல்கள் சட்டத்துக்கு உட்பட்டவையாயினும் தடுத்தது செல்லும் என மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது.

இந்தியாவில் தொல்லை தரும் மின்னஞ்சலைத் தொட்ட ஒரே வெளிப்படையான விதி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66அ பிரிவு. கருத்துரிமைக்கு முரணானது என உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று அப்பிரிவு முழுவதையும் நீக்கியது, அந்நீக்கம் தேவையானதே. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகள் அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் மட்டுமே கட்டுப்படுத்துகின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இசைவை வலியுறுத்தினாலும், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவுக்குப் பொருந்தாது என்கிறது. கட்டுரையின் முகப்பில் தம் மின்னஞ்சல் முகவரியை அச்சிடும் ஆய்வாளர் இவ்விலக்குக்குள் அடங்கக்கூடும். போலி இதழ்கள் முகவரி திரட்டும் இடமும் அதுவே.

தமிழ் ஆய்விதழ்களின் நிலை

இவையனைத்தின் விளைவு சிறிய இதழ்கள்மீது கூடுதலாக விழுகிறது. தனிக் களப்பெயர் வைத்திருந்தும், ஆசிரியர் குழு இலவச ஜிமெயில் முகவரியை இதழின் முகவரியாகக் கொள்வது தமிழில் பரவலான வழக்கம். இதழின் தளத்திலுள்ள நிரல், கட்டுரை வந்துசேர்ந்ததற்கான ஒப்புகையை அந்த ஜிமெயில் முகவரியின் பெயரால் தானே அனுப்புமாயின், மடல் புறப்படுவது கூகுளின் கணினியிலிருந்து அன்று. பிறர் ஜிமெயில் முகவரியை மடல்தலையில் இடுவதைப் போலியாக்கமாகவே கருதி ஒதுக்கும் நிலையை 2024 விதிகளோடு கூகுள் அறிவித்துள்ளது. உண்மையான இதழின் ஒப்புகை மெய்ப்பில் தோற்கிறது. தன் களப்பெயரை முறைப்படி அமைத்துக்கொண்ட போலி இதழின் அழைப்பு மெய்ப்பில் வெல்கிறது.

இதனைச் சீர்செய்யப் பெருஞ்செலவு இல்லை. இதழின் களப்பெயரிலேயே முகவரி அமைத்தல், அதற்கான மூன்று பதிவுகளைக் களப்பெயர் முறைமையில் இடுதல், பொது அழைப்புகளை ஒரு துணைக்களத்திலிருந்தும் கட்டுரையாளருக்கான தனிமடல்களை மற்றொன்றிலிருந்தும் அனுப்புதல் ஆகியன தள நிர்வாகி ஒருவரின் ஒருநாள் வேலை. அழைப்புக்குக் கிடைக்கும் புகார்கள் திருத்தக் கடிதத்தின் நற்பெயரைக் கெடுக்காதிருக்க இப்பிரிப்பு உதவும். பழைய கருத்தரங்குகளின் பங்கேற்பாளர் பட்டியல்களைத் திரட்டி, கேளாதோர் ஆயிரம் பேருக்கு ஒரே சமயத்தில் அழைப்பு அனுப்பும் வழக்கத்தையும் துறைகள் மறுபரிசீலனை செய்ய வேண்டியுள்ளது. நோக்கம் கல்வியே ஆயினும், பெறுநர் பக்கத்திலிருந்து காணும்போது அது 1978இன் மடலிலிருந்து வேறுபட்டதன்று. வடிகட்டியும் வேறுபடுத்திக் காண்பதில்லை. ஆய்வாளர் தரப்பில், எதிர்பார்க்கும் இதழின் முகவரியை முன்கூட்டியே தொடர்புப் பட்டியலில் சேர்ப்பதும், குப்பைப் பெட்டியிலிருந்து மீட்ட மடலை ‘வேண்டாமடல் அன்று’ எனக் குறிப்பதும் அவ்விதழின் பெயருக்குச் சேரும் சான்றுகள். குப்பைப் பெட்டியில் 30 நாள் கடந்த மடலை ஜிமெயில் தானே அழித்துவிடும். இதழ்கள் சிலவற்றின் திருத்தக் கெடு அதனினும் குறுகியதாக இருக்கக்கூடும்.